எல்.எம்.பி. என்று எழுதிய கையெழுத்து

காந்தல் குருசடிக்குச் சற்றுத் தள்ளி இருந்த ஓட்டு வீட்டுக்காக, எண்பதுகளில் ஊட்டி நீதிமன்றத்தில் நான் நடத்திய உயில் வழக்கு இது. பிள்ளையில்லாத ஒரு பாட்டி, கடைசிவரை தன்னைப் பார்த்துக்கொண்ட தங்கை மகளுக்கு அந்த வீட்டை எழுதி வைத்திருந்தார். கொழுந்தன் பிள்ளைகள் உயிலே பொய் என்றார்கள். சாட்சிகள் இருவரும் காலமாகிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பெண் மருத்துவர். பாட்டி தெளிந்த நினைவோடு இருந்ததாக இரண்டு வரி எழுதி, பெயருக்குப் பின்னால் எல்.எம்.பி. என்று போட்டிருந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டார். எம்.பி.பி.எஸ். இல்லாதவர் என்ன டாக்டர், அவர் எழுதியதற்கு என்ன மதிப்பு என்றார். உயிலுக்குச் சாட்சி போட மருத்துவப் படிப்பே தேவையில்லை. ஆனால் சந்தேகம் என்று ஒன்று கிளம்பிவிட்டால் அதைப் போக்க வேண்டியது உயிலைக் கொண்டுவந்தவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொல்லிவிட்டது. பதில் சொல்லியே ஆகவேண்டும்.

அந்த அம்மா வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய பள்ளியில் படித்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்தவர் ஐடா. ஆண் வைத்தியர் தொடக்கூடாது என்று மூன்று வீட்டிலும் மறுத்துவிட்டார்கள். அதன்பின் அமெரிக்கா போய், 1895-ல் பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். வேறு கல்லூரிகள் பெண்களுக்குக் கதவடைத்த காலத்தில், 1850-ல் தொடங்கியது அது. அங்கே படித்த பெண்கள் 1869-ல் பென்சில்வேனியா மருத்துவமனைக்குப் பாடம் கேட்கப் போனபோது ஆண் மாணவர்கள் கூச்சலிட்டு விரட்டப் பார்த்தார்கள். நம் ஆனந்திபாய் ஜோஷி 1886-ல் பட்டம் பெற்றதும் அங்கேதான். ஐடா பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறி 1899-ல் பட்டம் வாங்கினார். 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். முதல் அணியில் 14 பேர் 1922-ல் தேறி வந்தார்கள். அன்று அது தந்தது எல்.எம்.பி. என்ற மருத்துவப் பட்டயம்தான். எம்.பி.பி.எஸ். வந்தது 1942-ல்.

பொது வரலாற்றுக்கு நீதிமன்றம் நூல்களைப் பார்க்கலாம் என்றது அன்றைய சாட்சியச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு. அந்த வழியில் இதையெல்லாம் முன்வைத்தேன். எவ்வளவு பாடுபட்டு ஒரு பெண் அந்த மூன்று எழுத்தைப் பெற்றாள் என்று நீதிபதிக்குத் தெரிய வேண்டும் என்பதில் எனக்குத் தீராத பிடிவாதம். இன்றைய பட்டத்தை வைத்து அவரை அளப்பது அநியாயம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன்.

வரலாறு மட்டும் வழக்கை ஜெயிக்காது. சாட்சிகள் உயிரோடு இல்லாதபோது, ஒரு சாட்சியின் கையெழுத்தையும் எழுதி வைத்தவரின் கையெழுத்தையும் நிரூபிக்க வேண்டும். அன்றைய சாட்சியச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு அது. பாட்டியின் கையெழுத்துக்குப் பழைய கிரயப் பத்திரம் கிடைத்தது. மருத்துவருடையதற்கு, அவரிடம் மருந்து கலந்து கொடுத்த கம்பவுண்டரைக் கூண்டில் ஏற்றினேன்.

“இது அம்மா கையெழுத்துன்னு எப்படிச் சொல்றீங்க?”

“தினமும் அதைப் படிச்சுத்தானே ஐயா மருந்து கலந்தேன். தப்பாப் படிச்சிருந்தா ஜனங்க செத்திருப்பாங்களே.”

குறுக்கு விசாரணையில் அவர் அசையவில்லை. உயில் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. எல்.எம்.பி. அக்காலத்தில் முறையான மருத்துவத் தகுதிதான் என்பதையும் நீதிபதி தனிப் பத்தியாக எழுதியிருந்தார். கொழுந்தன் பிள்ளைகள் மேல்முறையீடு செய்து அங்கும் தோற்றார்கள்.