குண்டூரில் பிறந்த சிறுமி

ஒரகடம் கூட்டுச்சாலையில் இரவுப் பணிக்கு ஆளேற்றும் கம்பெனிப் பேருந்துகள் போய் ஓய்ந்த பிறகுதான் நமக்கு வாசிக்க வாய்க்கிறது. சென்ற மாதம் அவ்வாறு வாசித்தவை டைட்டானிக் கப்பலில் உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலங்கள்.

1912 ஏப்ரல் 15 அதிகாலையில் மூழ்கிய அக்கப்பலில் மாண்டோர் 1,500 பேருக்கும் மேல். பிழைத்தோர் ஏறத்தாழ 700 பேர். பிரிட்டிஷ் விசாரணையில் மாலுமிகளும் அதிகாரிகளும் வரிசையாகப் பேசினர். பயணிகளிலோ, கப்பல் நிறுவனத் தலைவர் இஸ்மேயை விட்டால், டஃப் கார்டன் என்ற பிரபுவும் அவர் மனைவியும் மட்டுமே அழைக்கப்பட்டனர். மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரைக்கூட அங்கே அழைக்கவில்லை. அமெரிக்க செனட் விசாரணையில் டேனியல் பக்லி, ஓலாஸ் அபெல்செத் போன்ற சிலருக்கேனும் அந்த வாய்ப்புக் கிட்டியது.

நம்மை நிறுத்தியவர் ரூத் பெக்கர். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில், 1899இல், லூதரன் மிஷனரி ஒருவருக்கு மகளாகப் பிறந்தவர். தம்பியின் நோய்க்காகத் தாயும் மூன்று குழந்தைகளும் அமெரிக்கா புறப்பட்டனர். தந்தை ஊழியத்திலேயே தங்கிவிட்டார். போர்வை எடுத்துவரத் தாய் அனுப்ப, பன்னிரண்டு வயது ரூத் அறைக்கு ஓடித் திரும்புகிறார். தாயும் உடன்பிறந்தோரும் ஏறிய 11ஆம் எண் படகில் இடமில்லை. தனியே 13ஆம் எண் படகில் ஏறினார். அப்போர்வைகள், மெல்லிய உடையில் நடுங்கிய கரி தள்ளும் தொழிலாளர்க்குப் பயன்பட்டன.

பின்னாளில் கான்சாஸில் ஆசிரியையாக இருந்தார். தாம் அக்கப்பலில் வந்தவர் என்பதைப் பெற்ற பிள்ளைகளிடம்கூட நெடுங்காலம் சொன்னதில்லையாம். முதுமையில்தான் நேர்காணல்களில் வாய் திறந்தார். 1990இல் மறைந்தார்.

இதைப் படித்ததும் நமக்குக் கூச்சமாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் நம்மிடம் பயிலும் மாணவர்களை, வீட்டுப் பெரியவர்களின் அனுபவங்களைப் பதிவுசெய்து வருமாறு ஆண்டுதோறும் விரட்டுகிறோம். (மதிப்பெண் பத்து!) நம்முடன் வசிக்கும் தாயாரோ இராமேஸ்வரத்துக்காரர். 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடி சென்ற பயணிகள் ரயிலைக் கடல் கொண்டபோது அவருக்கு வயது பத்து. அந்த ரயிலில் இருந்து பேச எவரும் மிஞ்சவில்லை. ஊரில் இருந்தவரிடம் நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

ரூத்தின் கதையைச் சொன்னோம். போர்வை வரும் இடத்தில் அம்மா குறுக்கிட்டார்: "அந்தப் பிள்ளைகிட்ட யாரு மொதல்ல கேட்டா?"

விடை தெரியவில்லை. கைப்பேசியை இயக்கி அருகில் வைத்தோம். காற்றின் ஓசையைச் சொன்னார். கூரை போனதைச் சொன்னார். தம் அப்பா அரிக்கேன் விளக்குடன் வெளியே போனதைச் சொன்னார். "எப்போது திரும்பினார்?" என்று கேட்டோம். பதிவில் இவ்விடத்தில் நெடுநேரம் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு, "வெளக்கு மட்டும் கெடச்சுது" என்கிறார்.

தாத்தா காய்ச்சலில் இறந்தார் என்றே இதுநாள்வரை நினைத்திருந்தோம்.