ஃப்ரிட்ஜுக்குள் நெருப்பு

ஃப்ரிட்ஜுக்குள் தீ எரியும் என்று யாராவது சொன்னால், 'நல்ல டாக்டரா பாருப்பா' என்றுதான் சொல்லியிருப்பேன். 2019 ஜூலை வரை.

அந்த மாசம் குடும்பத்தோடு அமெரிக்கா போயிருந்தேன். அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் பார்க்க மச்சான் ஒரு மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்தார். வெளியே பஸ், உள்ளே கட்டில், பாத்ரூம், அடுப்பு, ஃப்ரிட்ஜ். எல்லாம் ப்ரோப்பேன் புண்ணியத்தில் நடக்கும். நம்ம சமையல் காஸில் ப்யூட்டேனும் கலந்திருக்கும். அது பூஜ்யம் டிகிரி குளிரிலேயே ஆவியாக முரண்டு பிடிக்கும். ப்ரோப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும்.

மூன்றாம் நாள் காஸ் தீருகிற மாதிரி இருந்தது. டேங்க் வண்டியோடு சேர்த்து போல்ட் போட்டது. கழற்றித் தோளில் தூக்க முடியாது. வண்டியையே பங்க்குக்கு விட்டோம்.

அங்கே ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. "எல்லாரும் இறங்குங்க" என்றார். என் நாலு வயசுப் பெண் அப்போதுதான் தூங்கியிருந்தாள். "குழந்தை மட்டும் இருக்கட்டுமே?" என்றேன். தலையை ஆட்டிவிட்டார். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

"உள்ளே எரியறதை எல்லாம் அணைச்சாச்சா?"

"ஆச்சு" என்றேன், கூசாமல்.

ஆகவில்லை. "மாப்ளே, ஃப்ரிட்ஜும் காஸ்லதான் ஓடுது, ஆஃப் பண்ணிடுங்க" என்று மச்சான் சொல்லியிருந்தார். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். தவிர, உள்ளே ஐஸ்க்ரீம் இருந்தது. பத்து நிமிஷத்தில் அது உருகிவிடாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

தாத்தா ஹோஸைக் கையில் எடுத்தார், மாட்டவில்லை. வண்டியின் பக்கவாட்டில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்த ஓட்டை மூடி வழியாகக் குனிந்து பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே நீலமாக ஒரு குட்டித் தீ! அந்தச் சூட்டில்தான் அம்மோனியா ஆவியாகிச் சுற்றி வந்து, ஃப்ரிட்ஜைக் குளிர வைக்கிறதாம்.

என் தோளில் தூங்கின பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். வேறெதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அணைத்த பிறகுதான் நிரப்பினார். டேங்கில் ஒரு சின்னத் திருகைத் திறந்துவைத்தார். 'உஸ்' என்று காற்றாக வந்தது, வெள்ளைத் துளிகளாகச் சீறியதும் நிறுத்திவிட்டார். எண்பது சதவிகிதம்தான்! "மீதி இருபது?" என்றேன். வெயிலில் திரவம் விரியும், அதற்கு இடம் வேண்டும் என்றார். பி.காம். படித்தவனுக்கு ரிசர்வ் என்றால் புரியாதா?

அப்புறம் கிளாஸ் எடுத்தார். ப்ரோப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து போய் எங்காவது நெருப்பைத் தேடும். காஸ் அலாரத்தை ஏன் தரைப்பக்கம் மாட்டியிருந்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. அதை மறைத்துத்தான் என் சூட்கேஸை நிறுத்தியிருந்தேன்! கசிவு சந்தேகம் வந்தால் வால்வை மூடி, எல்லாரும் இறங்கி, தூரப்போய் நின்று ஆள் கூப்பிடணும். ஸ்விட்சைத் தொடக்கூடாது. இணைப்புகளைச் சோப்புத் தண்ணீர் தடவித்தான் சோதிக்கணும், தீக்குச்சி கிழித்து அல்ல.

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். தடையை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த காஸ் சிலிண்டர்தான் காரணம். செய்தியைப் படித்தபோது அந்த நீலத் தீ ஞாபகம் வந்தது.

நம்ம நண்பர்கள் வேனில் கொடைக்கானல் கிளம்பும்போது, சீட்டுக்கடியில் ஒரு குட்டி சிலிண்டரை உருட்டிவிடுவார்கள். பெரிய சிலிண்டரைக் கவிழ்த்துத் திருட்டுத்தனமாக நிரப்பினது. எண்பது சதவிகிதமாவது ஒன்றாவது! நிரம்புகிற வரைக்கும்தான் கணக்கு.

இப்போதெல்லாம் அந்த சிலிண்டர் ஏறினால் நான் இறங்கிவிடுகிறேன். "பயந்தாங்கொள்ளி" என்கிறார்கள்.

ஆமாம். வழியில் டீக்கடை இல்லாத ஊரா இது?