கறுத்த தண்டை

எங்கள் லயத்து வீட்டில் ஒற்றைத் தண்டை ஒன்று கிடக்கிறது. வெள்ளிதான், ஆனால் அடுப்புக்கரி நிறம். அப்பாயியின் பாட்டி மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்தபோது, கறுப்புச் சேறு முழங்கால்வரை இழுத்ததாம். ஒரு தண்டை சேற்றோடு போக, மீட்ட மற்றது கறுத்துவிட்டதாம். அம்மா நம்புவதில்லை. "அடுப்புப் புகையில கறுத்ததுடி."

அதோடு விட்டிருப்பேன். ஒரு கூட்டத்தில் யாரோ, காபனைப் பிடித்துவைப்பது நம் மலைக்காடு, மன்னார் வெறும் பொட்டல் என்று சொன்னார். அப்பாயி சொன்ன சேறு நினைவில் வந்து சுருக்கென்றது. எங்கள் வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கவ்வாத்து வெட்டிய குச்சிகூட இங்கே சீக்கிரம் மக்கிவிடும். மன்னாரில் மழை ஆயிரத்தைத் தொட்டால் பெரிது. இங்கேயே தங்காதபோது அங்கே எது தங்கும்?

மன்னாரிலுள்ள வங்காலைக்குக் கண்டல் காடு பார்க்கப் போனேன். காடு என்றதும் நிழலும் ஈரமுமாய் நினைத்திருந்தேன். அரை நாள் வெயிலில் அலைந்து கண்டதெல்லாம் தோளுயரப் புதர், உமரி, உப்புப் பூத்த வெளி. காட்டைத் தேடிக் காட்டுக்குள்ளேயே நின்றிருக்கிறேன்.

"என்ன பிள்ளை தேடுறாய்?" வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயா கேட்டார். காடு என்றேன்.

"இதுதான் காடு. கண்ணா மரம். மாரியில மட்டும்தான் ஆத்துத் தண்ணி. உப்புக்குள்ள இவ்வளவுதான் வளரும்."

காபன் என்று தொடங்கினால் காது கொடுக்கவில்லை. தண்டை என்றதும் எழுந்தார். பென்சில் நட்டதுபோல் நின்ற மூச்சுவேர்களுக்கு நடுவே கம்பை இறக்கி எடுத்தார். மேலே சாம்பல் நிறம், ஒரு சாண் கீழே மைக் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். கம்போடு வந்த வேர்த்துண்டு நார்நாராக, அப்படியே இருந்தது.

பிறகு வாசித்தபோதுதான் விளங்கியது. அந்த ஆழத்தில் காற்றில்லை. கடல்நீரிலுள்ள சல்பேற்றை வைத்துப் பிழைக்கும் பற்றீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டை விடுகின்றன. அது இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்குகிறது, வெள்ளியையும் விடாது. காற்றில்லாததால் வேர் மெதுவாகத்தான் மக்குகிறது, காபன் நூற்றாண்டுக் கணக்கில் உள்ளேயே கிடக்கிறது. அபுதாபியின் வறண்ட கரையில் மண்ணைத் தோண்டி அளந்தவர்கள், ஒரு மரமும் இல்லாத பாசிப் படலத்தின் அடியிலும் அதைக் கணிசமாகக் கண்டார்கள். பொட்டல் என்று சொன்னவருக்கு அந்தக் கம்பைக் காட்டியிருக்க வேண்டும்.

ஐயாவுக்கோ கண்ணாவிலும் பெரிய மதிப்பில்லை. "மரத்தை விடு. கடலுக்குள்ள சாதாளை கிடக்கு, அதுதான் மண்ணைப் பிடிச்சு வைக்கிறது." கடற்புல்லைச் சொல்கிறார். மூன்று தரம் சொன்னார்.

தண்டைக் கதையைச் சோதிக்க, அன்றே என் வெள்ளி மோதிரத்தைச் சேற்றில் புதைத்துவிட்டு அவர் வீட்டில் பிளேன்ரீ குடித்தேன். தோண்டி எடுத்தபோது மஞ்சள் ஏறி, ஓரத்தில் நீலம் ஓடியிருந்தது.

வீட்டில் அம்மாவிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். தண்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"சரி, சேறும் கறுக்கும், புகையும் கறுக்கும். இது எதுலடி கறுத்துச்சு?"