இரண்டு கடல், ஒரு ஸ்கேல்!

நியூஸிலாந்தில் கடலில் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட லைசென்ஸ் கிடையாது. கேட்டதும் எனக்கு ஏக குஷி! ஆக்லாந்து நண்பர் சிரித்தார். "லைசென்ஸ் வேணாம் சார்... ஸ்கேல் வேணும்!"

ஆக்லாந்து இரண்டு கடல்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஊர். ஒட்டாஹுஹூ பக்கம் இந்தக் கடலுக்கும் அந்தக் கடலுக்கும் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தக் காலத்து மாவோரிகள் படகைத் தரையிலேயே இழுத்துப்போய் அடுத்த கடலில் இறக்குவார்களாம்!

இரண்டு பக்கமும் கிடைப்பது ஸ்னாப்பர் மீன். சட்டம்தான் வேறு. மேற்கே மனுக்காவ் துறைமுகத்தில் குறைந்தது 27 சென்டிமீட்டர் நீளம், ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 மீன். கிழக்கே வைட்டமாட்டாவில் 30 சென்டிமீட்டர், 7 மீன். அதாவது, 28 சென்டிமீட்டர் ஸ்னாப்பர் மேற்கே குழம்பு... கிழக்கே வழக்கு!

கிழக்கிலும் முன்பு 27, 9 என்றுதான் இருந்தது. மீன் பெருகட்டும் என்று 2014 ஏப்ரலில் மாற்றினார்கள். பழைய கையேட்டையும் பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகத்தையும் நம்பிப் போனால் அம்பேல்தான்!

அரசாங்கமே இலவசமாக ஒரு மீன்பிடி விதி 'ஆப்' தருகிறது. சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். கிளம்புகிற அன்று காலையில் அதைப் பாருங்கள். புழுவை அப்புறம் தேடலாம்!