சொல்லாமல் அறும் பட்டை

மனிதன் பயன்படுத்தும் பொருள்களுள் பல, தம் முதுமையை முன்கூட்டியே அறிவித்துவிடும் இயல்புடையவை. செருப்புத் தேய்ந்தால் கால் சொல்லும். கூரை ஒழுகினால் தரை சொல்லும். கத்தி மழுங்கினால் கை சொல்லும். வேறு சில பொருள்களோ இறுதி நொடிவரை ஒழுங்காக உழைத்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றுவிடுகின்றன. அத்தகைய பொருள்களைப் பேணுவதற்குக் கண்ணும் காதும் போதா. நாள்காட்டியும் கணக்கேடும் வேண்டும். மகிழுந்தின் எந்திரத்தில் மூடியிட்டு மறைக்கப்பட்டிருக்கும் ‘டைமிங் பெல்ட்’ என்னும் பல்வைத்த பட்டை இவ்வகையைச் சேர்ந்தது. இவ்வுண்மையைக் கெடா மாநிலத்துக் குடும்பமொன்று விலை கொடுத்தே கற்றுக்கொண்டது.

குடும்பத் தலைவர் பீடோங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, தலைவிளக்கின் ஒளியில் முதல் மரத்தில் கத்தி வைப்பது அவருடைய அன்றாட வழக்கம். காலம் மாறியது. ரப்பர் நின்ற மண்ணில் செம்பனை எழுந்தது. லயங்கள் ஒவ்வொன்றாக வெறிச்சோடின. அவரும் மனைவி மக்களுடன் சுங்கை பட்டாணியில் ஒரு மலிவு விலை வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். தோட்டத்தில் மிதிவண்டியே போதுமானதாக இருந்தது. நகர வாழ்க்கையில் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வண்டி வேண்டியிருந்தது.

1985ஆம் ஆண்டு ஜூலையில் புரோட்டோன் சாகாவும், 1994இல் பெரோடுவா கஞ்சிலும் வெளிவந்தபின், எளிய குடும்பங்களின் வாயிலிலும் மகிழுந்து நிற்கும் காலம் பிறந்தது. புதிதாக வாங்க இயலாதவர்களிடம் அவை பழைய வண்டிகளாக வந்து சேர்ந்தன. பெரியவரும் பழைய சாகா ஒன்றை வாங்கினார். வாங்கிய கையோடு பட்டறைக்குக் கொண்டு சென்றபோது, அங்கிருந்த இளைஞர் ஒரு வினாவை எழுப்பினார்: “டைமிங் பெல்ட் கடைசியா எப்ப மாத்துனாங்கன்னு தெரியுங்களா, ஐயா?” விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. ஓட்டமானி 1,40,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. “அப்படின்னா முதல்ல அத மாத்திடுவோங்க ஐயா” என்றார் இளைஞர்.

“ஓடுற வண்டிய எதுக்குத் தம்பி பிரிக்கணும்?” என்று கேட்டுவிட்டுப் பெரியவர் வண்டியை எடுத்துச் சென்றார். அவரிடம் பணம் இல்லாமலில்லை. அந்தப் பணத்தில் வண்டிக்குப் புதுச் சாயம் பூசினார்; இரண்டு டயர்களை மாற்றினார். சாயம் கண்ணுக்குத் தெரியும். டயர் ஊருக்குத் தெரியும். மூடிக்குள் இருக்கும் பட்டையை யார் பார்க்கப் போகிறார்கள்? தீபாவளி கழியட்டும் என்றார். பிறகு தைப்பூசம் கழியட்டும் என்றார். ஓராண்டு கழிந்தது. வண்டி ஒரு குறையுமின்றி ஓடியது. அந்தக் குறையின்மையே அவரை ஏமாற்றியது.

அவருடைய மூத்த மகள் தமிழ்ப்பள்ளி ஒன்றில் தற்காலிக ஆசிரியையாகப் பணியாற்றி வந்தாள். ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வுக்கு அவளுக்கு அழைப்பு வந்தது. இடம் அலோர் ஸ்டார். நேரம் காலை எட்டரை. விடியற்காலையில் தந்தையும் மகளும் புறப்பட்டனர். நெடுஞ்சாலையில் குரூணைக் கடந்து, ஜெராய் மலை இடப்புறம் பின்தங்கத் தொடங்கிய வேளையில் எந்திரம் சட்டென நின்றது. புகையில்லை, நடுக்கமில்லை, ஊதி அணைத்த விளக்கைப்போல் அது ஓய்ந்தது. சாவியைத் திருப்பியபோது எந்திரம் வழக்கத்துக்கு மாறாக எளிதாகச் சுழன்றதேயன்றி உயிர் பெறவில்லை. சாலையோரத்தில் மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இழுவை வண்டி வந்தபோது மணி எட்டே முக்கால். அவ்வாண்டு அவளுக்கு வேறொரு நாள் குறிக்கப்படவில்லை.

பட்டறையில் மூடியைக் கழற்றிய இளைஞர், அறுந்த பட்டையை எடுத்துப் பெரியவர் கையில் கொடுத்தார். அதன் பற்களில் ஒரு பகுதி சீவி எடுத்ததுபோல் காணாமற் போயிருந்தது. பெரியவர் அதனை வளைத்துப் பார்த்தார். முதுகுப்புறமெங்கும் மெல்லிய வெடிப்புகள்.

“இதுவும் ரப்பர்தானா தம்பி?”

“ஆமாங்க ஐயா. இதுக்கு வயசாயிருச்சு.”

பெரியவர் வேறொன்றும் பேசவில்லை. முப்பது ஆண்டுகள் ரப்பரோடு வாழ்ந்தவர் அவர். வெயிலில் கிடந்த ரப்பர் எவ்வாறு வெடிக்கும் என்பதை அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பழுது பார்க்கும் செலவைக் காட்டிலும், தமக்குத் தெரிந்த ஒன்றையே மறந்திருந்தோம் என்ற எண்ணந்தான் அவரை வருத்தியது.

இந்தப் பட்டையின் பணி யாது? எந்திரத்தின் அடிப்பகுதியில் கிராங்க் தண்டு சுழல்கிறது. சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் ஏறி இறங்குவது அதனோடு இணைந்தே. தலைப்பகுதியில் கேம் தண்டு சுழன்று, காற்றையும் எரிபொருளையும் உள்ளே விடும் வால்வுகளையும், எரிந்த வாயுவை வெளியேற்றும் வால்வுகளையும் முறைப்படி திறக்கிறது. கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இவ்விரண்டையும் தாளம் தவறாமல் பிணைத்து வைப்பதே பட்டையின் பணி. எந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் 1,500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பட்டை ஒரு பல் நழுவினாலும் இந்த ஒழுங்கு குலையும்.

பட்டை அறுந்தால் கேம் தண்டு அக்கணமே நின்றுவிடும். சில வால்வுகள் திறந்தபடியே நிற்கும். வண்டியின் வேகத்தால் கிராங்க் தண்டோ இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். மேலேறி வரும் பிஸ்டன், வழியில் நிற்கும் வால்வின்மீது மோதி அதனை வளைத்துவிடும். எல்லா எந்திரங்களிலும் இவ்வாறு நேர்வதில்லை. சிலவற்றில் இரண்டுக்கும் இடையே போதிய இடைவெளி இருப்பதால் வண்டி நின்றுபோவதோடு சேதம் முடிந்துவிடும். தம் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை ஒருவர் நெடுஞ்சாலையில் சோதித்தறிய வேண்டியதில்லை. பெரியவரின் வண்டியில் வால்வுகள் வளைந்திருந்தன. சில நூறு வெள்ளியில் முடிந்திருக்கக்கூடிய வேலை, எந்திரத்தின் தலையைக் கழற்றிச் செப்பனிடும் பெருஞ்செலவாகியது.

பல்வைத்த பட்டை மகிழுந்துக்கெனப் பிறந்ததன்று. 1940களில் அமெரிக்காவில் தையல் எந்திரங்களுக்காக உருவாக்கப்பட்டது அது. ஊசியும் அடிநூலும் இம்மியும் பிசகாமல் சந்திக்க வேண்டுமன்றோ? அதே தேவை எந்திரத்திலும் இருந்தது. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் 1004 வகை மகிழுந்தில் இதனைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. சங்கிலியைவிட ஓசை குறைவு, எடை குறைவு, எண்ணெய் வேண்டியதில்லை என்பன இதன் சிறப்புகள். குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை மாற்றியே தீரவேண்டும் என்பது இதற்குரிய விலை.

கெடாவின் மரங்களில் வடிந்த இயற்கை ரப்பர் இப்பட்டைக்கு உதவாது; எண்ணெய் பட்டால் அது ஊதிப்போகும். 1930இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட நியோப்பிரீன் போன்ற செயற்கை ரப்பரும், அதனினும் வெப்பம் தாங்கும் பிற்கால வகைகளுமே பயன்படுகின்றன. உள்ளே கண்ணாடி இழைகள் ஓடுகின்றன. பற்களின்மேல் நைலான் துணி போர்த்தப்பட்டிருக்கிறது. இத்தனை வலிமையிருந்தும் அதுவும் ரப்பர் இனந்தான். எந்திரத்தின் சூடு, கசியும் எண்ணெய், ஓயாத வளைவு, கழியும் காலம் ஆகிய நான்கும் அதனை முதுமைக்குத் தள்ளுகின்றன.

ஆகவேதான் உற்பத்தியாளர்கள் தத்தம் கையேடுகளில் இரண்டு எல்லைகளை வகுக்கின்றனர். ஒன்று தூரம், மற்றொன்று ஆண்டு. தூரம் வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலும் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் அமையும். இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கெடு. பீடோங்கிலிருந்து பிறை தொழிற்பேட்டைக்குச் சென்று திரும்பும் தொழிலாளி நாளொன்றுக்கு 90 கிலோமீட்டர் ஓட்டுவதாகக் கொள்வோர், மாதம் 25 நாள் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 27,000 கிலோமீட்டர் வரும். மூன்றே ஆண்டுகளில் 81,000. பள்ளிக்கருகே குடியிருக்கும் ஆசிரியர் ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டரே ஓட்டக்கூடும். அவர் தூரத்தை மட்டும் பார்த்துக் காத்திருந்தால் 60,000 எட்டுவதற்குப் பத்தாண்டுகள் ஆகும். ரப்பர் அதுவரை காத்திராது. குறைவாக ஓடிய வண்டி என்பது பட்டை இளமையாக இருப்பதற்குச் சான்றாகாது.

பழைய வண்டி வாங்குவோர், மாற்றிய நாளுக்குச் சான்று இல்லையெனில், மாற்றப்படவில்லை என்றே கொள்ளவேண்டும். பட்டையை மாற்றும்போது அதனை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், எண்ணெய் கசியும் சீல்களையும் மாற்றுவது அறிவுடைமை. பல எந்திரங்களில் நீர்ப் பம்பையும் இதே பட்டை சுழற்றுகிறது. அது பழுதாகி இறுகினால் புதுப் பட்டையும் கெடும். தனியே மாற்றினாலோ அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்க நேரும். பட்டறைக்காரர் உண்மையில் மாற்றினாரா என்ற ஐயம் எழுந்தால், கழற்றிய பழைய பட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நேர்மையானவர் மகிழ்ச்சியோடு தருவார். மாற்றிய நாளையும் ஓட்டமானியின் எண்ணையும் எழுதி எந்திர மூடியருகே ஒட்டிவைக்க வேண்டும். 2005இல் வந்த மைவி போன்ற வண்டிகளில் பட்டைக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதால் இந்தக் கெடு இல்லை. ஆயினும் அச்சங்கிலியின் ஆயுள், எந்திர எண்ணெயை உரிய நாளில் மாற்றுவதைப் பொறுத்தது. எவ்வகை வண்டியானாலும் காலக்கணக்கிலிருந்து முற்றிலும் விடுதலை இல்லை.

பெரியவர் பின்னர்த் தம் மகளிடம் சொன்ன சொற்கள் எண்ணத்தக்கவை. “தோட்டத்துல எல்லாமே கணக்குத்தாம்மா. விடியக்குள்ள வெட்டுனாத்தான் பால் ஓடும். ஒருநாள் வெட்டுனா மறுநாள் மரத்துக்கு ஓய்வு. மரம் சாயுற வரைக்கும் காத்திருந்தா மறுநடவு செஞ்சாங்க? வயசு பார்த்து முன்னாலேயே வெட்டிட்டாங்க. அத்தனையும் தெரிஞ்ச நான், இத மட்டும் அறுந்தாப் பார்ப்போம்னு விட்டுட்டேன்.”

அவர் கூறியது முற்றிலும் உண்மை. இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் ரப்பர் மரங்களை அகற்றி மறுநடவு செய்வது தோட்டத் தொழிலின் நியதி. பால் இன்னும் சிறிது வடிகிறதே என்று எந்த நிருவாகமும் காலங்கடத்துவதில்லை. பிறர் வகுத்த கால ஒழுங்கை வாழ்நாளெல்லாம் வழுவாமல் காத்த தொழிலாளி, தம் உடைமைக்குத் தாமே ஓர் ஒழுங்கை வகுத்துக்கொள்ளத் தவறிவிடுகிறார். சங்கு ஊதி எழுப்பிய காலம் போயிற்று. இனி ஊதவேண்டிய சங்கு அவரவர் கையில் இருக்கிறது. தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த சமுதாயம் கற்கவேண்டிய பாடங்களுள் இதுவும் ஒன்று. காலமறிதலுக்கென்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் படிக்கும் மாணவர், அதனை மன்னர்க்கு மட்டும் உரியதென ஒதுக்கிவிடலாகாது. வண்டியின் கெடு, காப்புறுதியின் கெடு, தேர்வுப் பதிவின் கெடு ஆகிய யாவும் அவ்வதிகாரத்துக்குள் அடங்குவனவே.

மகள் மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தாள், தேர்வும் பெற்றாள். இன்று கூலிம் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அவர் ஆசிரியை. வகுப்பறை அலமாரியில் அந்த அறுந்த பட்டை இருக்கிறது. பெருக்கலும் வகுத்தலும் கற்பிக்கும் நாளில் அவர் அதனை எடுத்து மாணவர் கையில் கொடுக்கிறார். வீட்டில் வண்டி ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, ஆண்டுக்கு எத்தனை, அடுத்த பட்டை எந்த மாதத்தில் என்று பிள்ளைகள் கணக்கிடுகின்றனர். விடையை வீட்டுக்குக் கொண்டுசென்று தந்தையிடம் காட்டவேண்டும் என்பதே அன்றைய வீட்டுப்பாடம். சொல்லாமல் அறும் பட்டைக்காக முன்கூட்டியே வாய் திறந்து சொல்ல, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தால் போதும்.