ஜன்னலில் வைத்த சோதனைக் குழாய்கள்

“நீலமா எரியுதுன்னு நம்பிராதீங்கக்கா. ட்யூபோட ஆயுசு முடிஞ்சுபோச்சு” என்றார், வாட்டர் ப்யூரிஃபையரைச் சரிபார்க்க வந்த தம்பி. கழற்றிய யூவி ட்யூபை என் கையில் வைத்தார். ஒரு சாண் நீளம், விரல் தடிமன். கிருமியை அடக்கும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. நீலம் அதோடு கூட வருவது. ட்யூப் பழசாகும்போது நீலம் அப்படியே தெரியும், கதிர் மட்டும் குறைந்துவிடும் என்றார். இத்தனை வருடமும் அந்த நீலத்தை நம்பித்தான் பிள்ளைக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். கண்ணுக்கே தெரியாத ஒன்று தண்ணீரைச் சுத்தமாக்கும் என்று முதலில் கண்டவர் யார்? அன்றிரவே தேட உட்கார்ந்தேன்.

தேடல் முதலில் நம் ஊருக்கே வந்து நின்றது. 1992இல் காலராக் கிருமியின் புது வகையான ஓ139 சென்னையில் தலைகாட்டி, வங்காளம் வரை பரவியது. மும்பையில் பிறந்து, கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்த இயற்பியலாளர் அசோக் காட்கிலை அந்தச் செய்தி உலுக்கியது. கிராமங்களுக்கான யூவி கருவி ஒன்றை வடிவமைத்தார். விளக்கைத் தண்ணீரில் அமிழ்த்தாமல், தட்டில் மெலிதாக ஓடும் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டார். அதனால் விளக்கில் அழுக்குப் படியாது. சுமார் 60 வாட் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 15 லிட்டர் கிடைத்தது.

ஆனால் தொடக்கம் அதுவல்ல. 1910இலேயே பிரான்ஸின் மார்செய் நகரில் குடிநீரை இப்படிச் சுத்திகரித்துப் பார்த்திருக்கிறார்கள். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும், குவார்ட்ஸ் வழிவிடும். பாதரச விளக்கும் குவார்ட்ஸும் கைக்கு வந்த பிறகே அது முடிந்தது. குளோரின் மலிவாகக் கிடைத்ததால் இந்த முறை பல காலம் ஓரங்கட்டப்பட்டது.

இன்னும் பின்னே போனால் 1877, இங்கிலாந்து. ஆர்தர் டௌன்ஸ், தாமஸ் பிளண்ட் என்ற இருவர். கிருமி வளரக்கூடிய கரைசலைச் சோதனைக் குழாய்களில் ஊற்றி வெயிலில் வைத்தார்கள். சில குழாய்களை ஈயத் தகட்டால் மூடினார்கள். மூடியவை கலங்கின. நன்றாக வெயில் பட்டவை தெளிவாகவே இருந்தன. கிருமியை ஒடுக்கியது சூடு அல்ல, வெளிச்சம் என்று தெரிந்தது.

எப்படி ஒடுக்குகிறது என்பதற்கு விடை வர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. 1920களின் இறுதியில் அமெரிக்காவின் ஃபிரெடரிக் கேட்ஸ் அலைநீளம் அலைநீளமாக அளந்தார். 260 நானோமீட்டரை ஒட்டிய கதிர்தான் கிருமிகளை அதிகம் கொன்றது. நம் வீட்டு ட்யூப் தருவது 254. டிஎன்ஏவில் அடுத்தடுத்து நிற்கும் தைமின் என்னும் மூலக்கூறுகளை இந்தக் கதிர் ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது என்பது 1960 வாக்கில் தெளிவானது. அப்படி ஒட்டிப்போன டிஎன்ஏவைக் கிருமியால் நகலெடுக்க முடியாது. அது பெருகாது, பெருகாத கிருமி குடலுக்குள் போனாலும் நோய் தராது.

மறுமுறை அந்தத் தம்பி வந்தபோது, வடிகட்டியையும் ஏன் மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கலங்கல் தண்ணீரில் ஒவ்வொரு மண் துகளும் தன் பின்னால் ஒளிந்த கிருமிக்கு ஈயத் தகடு. பழைய வடிகட்டியைக் கழற்றினார். செம்மண் நிறத்தில் வழுவழுப்பாக இருந்தது. புதியதை மாட்டியதும், ட்யூப் மாற்றிய தேதியையும் சேர்த்து ப்யூரிஃபையரின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதி வைத்தேன். இனி நான் பார்ப்பது அந்தத் தேதியைத்தான்.