"முடிந்தது" என்று அறிவித்த பின்னர்

மென்பொருளாக்கத்தின் இறுதிக்கட்டம் ஏன் இத்துணை நீளுகின்றது என்பது கணினித்துறையினர் மாத்திரம் ஆராயவேண்டிய வினா என்றே கலைப்பீட மாணவனாகிய நான் கருதியிருந்தேன். எமது சங்கத்தின் பணியொன்று அக்கருத்தை மாற்றிற்று.

பழைய ஆண்டுமலர்களில் வெளிவந்த கட்டுரைகளின் தலைப்புகளையும் ஆசிரியர் பெயர்களையும் முன்னிருந்த மாணவர்கள் பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்து வைத்திருந்தனர். அவற்றை யுனிக்கோட்டுக்கு மாற்றி, வேண்டிய பெயரைத் தேடிப் பெறத்தக்க செய்நிரல் ஒன்றை ஆக்க விஞ்ஞானபீட நண்பர் ஒருவரும் நானும் பொறுப்பேற்றோம். செய்நிரலை அவர் எழுத, தமிழைச் சரிபார்ப்பது என் பங்காயிற்று. மூன்றே நாள்களில் திரையிலே தமிழ் தோன்றியது. "வேலை முடிந்தது" என்று சங்கக் கூட்டத்திலே அறிவித்தவன் நானே. எஞ்சிய வேலைக்கு ஐந்து மாதங்கள் சென்றன.

காரணத்தைச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். பாமினி, எழுத்தின் உறுப்புகளைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே பதிவது. 'கொ' என்பதற்கு முதலிற் கொம்பு, பின்னர் ககரம், அதன்பின் அரவு. யுனிக்கோட்டிலோ ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக அமையும். இதனை மாற்ற ஒரு விதி போதும். ஆனால், பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் விசை ஒன்றே. 'கௌரி'யைச் சரிப்படுத்த நாம் வகுத்த விதி 'தெளிவு', 'வெள்ளம்' முதலிய சொற்களைச் சிதைத்தது. அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வரின் அது ளகரமே என மற்றொரு விதி வகுத்தோம். விதிக்குப் பின் புறநடை கூறிய இலக்கண நூலாரின் அருமையை நன்னூல் வகுப்பிற்கூட நான் இவ்வளவு உணர்ந்ததில்லை.

ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 ஆக்கத்தை வழிநடத்திய பிரெட் புறூக்ஸ், 1975ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, மொத்தக் காலத்தில் மூன்றிலொன்றைத் திட்டமிடலுக்கும் ஆறிலொன்றைச் செய்நிரல் எழுதுதற்கும் ஒதுக்கி, எஞ்சிய பாதியையும் சோதனைக்கே விட்டார். அப்பாதியை முன்கூட்டியே ஒதுக்கியோர் சிலர். ஈற்றில் அதனைச் செலவிட்டோரே பலர் என்பதும் அவர் கண்டதே. நாமோ திட்டமிடாமலே எழுதிவிட்டு, முழுமை கண்டதாகக் களித்தோம்.

நான்காம் மாத முடிவில் வெள்ளோட்டம் விட்டோம். வந்திருந்த ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர், தம்முடன் கற்று மறைந்த நண்பரின் பெயரைத் தட்டச்சுச் செய்தார். அப்படியொரு பதிவு இல்லை என்றது திரை. "இல்லையெண்டு சொல்லுது, தம்பி. அவன்ர கட்டுரைக்கு நான்தானே புறூப் பாத்தனான்" என்று மாத்திரம் சொல்லி எழுந்தார். ஏனைய பெயர்களெல்லாம் சரியாகக் கிடைக்கின்றன என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் தேடி வந்தது அந்த ஒரு பெயரை.

அச்சுமலரைத் திறந்தோம், கட்டுரை இருந்தது. எமது பதிவிலும் பெயர் இருந்தது. கண்ணுக்கு ஓரெழுத்தும் பிழையில்லை. பல இரவுகளின் பின், நண்பர் ஒவ்வோர் எழுத்தின் குறியெண்ணையும் தனித்தனியே எடுத்து நோக்கினார். ஈற்றிலே 'ர்' நிற்கவேண்டிய இடத்தில் அரவுக்குமேற் புள்ளி இடப்பட்டிருந்தது. தட்டச்சுச் செய்தவர் உருவொப்புமையால் விசை மாறி அழுத்தியிருக்கிறார். மனிதர் எவரும் அதனைச் சரியாகவே வாசிப்பர். இயந்திரத்துக்கோ அது வேறொரு பெயர். அரவின்மேற் புள்ளி தமிழில் எவ்விடத்தும் வாராது. ஆதலால் திருத்துவதற்கு ஒரு வரி போதுமாயிற்று. கண்டுபிடிக்கத்தான் ஐந்தாம் மாதம் வேண்டியிருந்தது. அந்தப் பெரியவர் வந்திராவிடின் அதுவும் நிகழ்ந்திராது. எமக்குத் தேடத் தோன்றிய பெயர்களையே நாம் தேடிப் பார்த்திருந்தோம்.

கட்டுரையின் பிரதியை அவருக்கு அனுப்பிவைத்தோம். மறுவாரம், தம் நினைவிலிருந்த வேறு ஆறு பெயர்களைத் தாளொன்றில் எழுதி அனுப்பியிருந்தார். அவற்றுள் இரண்டு இன்னும் அகப்படவில்லை.